முப்பத்தெட்டாவது வளைவில் மூன்று நிமிடம்

நான் தீயணைப்பு வீரன். கொல்லிமலையில் பிறந்தவன். கொல்லிமலை ரோட்டில் வண்டியில் உட்கார்ந்து போனால் வாந்தி எடுப்பவன். முதல் இரண்டையும் யார் கேட்டாலும் மார்தட்டிச் சொல்வேன். மூன்றாவதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆனது.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். காரவள்ளியைத் தாண்டினால் எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட பலகை உண்டு. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குக் குமட்டினால் ஊரில் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மலைமேல் பெரக்கரை நாட்டில் பிறந்து, மரவள்ளிக் கிழங்கும் சாமைச் சோறும் தின்று வளர்ந்தவனுக்குக் குமட்டினால்? நானே பைக் ஓட்டிக்கொண்டு போனால் ஒன்றும் ஆகாது. அதனால் ஊருக்குப் போகும்போதெல்லாம் பைக்தான். "வெயில்ல ஏன் சாமி வண்டி ஓட்டற? பஸ்ஸுல வரலாமில்ல?" என்று அக்கா கேட்டால், "பஸ்ஸு எந்தக் காலத்துல நேரத்துக்கு வந்துச்சு?" என்று எரிந்து விழுவேன். பாவம் அந்த பஸ். அது ஒழுங்காக வந்து போய்க்கொண்டுதான் இருந்தது.

எங்கள் நிலையம் அடிவாரத்தில் இருக்கிறது. மலை மேலே சின்ன வண்டி ஒன்று உண்டு. அதன் தண்ணீர் போதாத தீ என்றால் எங்கள் பெரிய வண்டியைக் கூப்பிடுவார்கள். ஓட்டுநருக்குப் பின்னால் ஒரு தடுப்பு, தடுப்புக்குப் பின்னால் நாங்கள் நாலு பேர். மணி அடித்ததுமே கனத்த கோட்டு, பூட்ஸ், ஹெல்மெட் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு ஏறிவிடுவோம். போய் இறங்கியதும் தீயில் பாய வேண்டுமே! சித்திரை வெயிலில், டீசல் நாற்றத்தில், கழுத்து வரை பட்டன் போட்டுக்கொண்டு எழுபது வளைவு. பத்தாவது வளைவில் வியர்க்கும். இருபதில் காது அடைக்கும். முப்பதுக்கு மேல் குடல் தொண்டைக்கு வந்து நிற்கும்.

இதற்கு நான் கண்டுபிடித்த வைத்தியம் பட்டினி. வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டால் வெளியே வர என்ன இருக்கிறது? கோடையில் மலை அழைப்பு அடிக்கடி வரும். அன்றைக்கு மலை வண்டி யாருக்கு என்று காலையில் பலகையில் எழுதுவார்கள். என் பேர் இருந்தால் இட்லிச் சட்டி இருக்கும் பக்கம்கூடத் திரும்ப மாட்டேன். கேட்டால் "இன்னைக்கு சஷ்டிங்க" என்பேன். என் பக்கத்து சீட்டுக்காரர் ஆறடி ஆள், கன்னத்தில் பாதியை மறைக்கும் மீசை. அவர் "சனிக்கிழமையாச்சே, பெருமாளுக்குங்க" என்பார். எதிர் சீட்டுக்காரருக்கு எப்போது பார்த்தாலும் பிரதோஷம். நாலாவது ஆள் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டிருப்பதாகச் சொல்வார். என்ன நேர்த்திக்கடன், எதுவரைக்கும் என்று அந்தத் தெய்வத்துக்கே தெரியாது. ஓட்டுநர் மட்டும் எட்டு இட்லியைச் சட்டினியில் குளிப்பாட்டித் தின்றுவிட்டு ஏப்பம் விடுவார். ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறவனுக்குக் குமட்டாதாம்.

எங்கள் பக்தியில் எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை, அதுதான் வேடிக்கை. இந்தக் கேடு தனக்கு மட்டும்தான் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக நினைத்துக்கொண்டிருந்தோம். பல்லைக் கடித்துக்கொண்டு மேலே போய்ச் சேர்வோம். வண்டி நின்றதும், "தீ எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்துட்டு வாரேன்" என்று ஆளுக்கொரு மரத்துக்குப் பின்னால் ஓடுவோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து ஹோஸைப் பிரிக்கிறபோது கை வெடவெடவென்று நடுங்கும். காலை முதல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத கை வேறு எப்படி இருக்கும்!

அந்தக் கையோடுதான் மலைமேல் பைல் நாட்டில் ஒரு வைக்கோல் போரை அணைக்கப் போனோம். ஹோஸின் முனையில் பித்தளையில் ஒரு குழல் இருக்கும். தண்ணீர் அதிலிருந்துதான் சீறும். பிராஞ்ச் என்போம். அதைப் பிடிக்கிற ஆள்தான் எங்களுக்குள் ராஜா. பிடித்தவன் தீ அணையும் வரை யாருக்கும் விட்டுக் கொடுக்க மாட்டான். அன்றைக்கு ராஜா நான். பம்பை முழு வேகத்தில் போட்டார்கள். கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரே ஒரு நொடி பிடி தளர்ந்தது. பிராஞ்ச் என் கையை உதறிக்கொண்டு துள்ளி, பக்கத்தில் நின்ற மீசைக்காரரின் முழங்காலுக்குக் கீழே அடித்தது. எலும்பில் விரிசல். ஒன்றரை மாதம் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தார். எல்லோரிடமும், "காலு வழுக்கிருச்சுங்க" என்று சொன்னேன். அவரிடமும் அதையேதான் சொன்னேன். "உடுங்க, வேலைன்னா அப்படித்தான்" என்றார் அவர். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அவர் வீட்டம்மா எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார்கள். அந்தக் காபியைக் குடித்தது இன்னும் எனக்குக் கசக்கிறது.

அதற்கு அடுத்த கோடையில்தான் புது நிலைய அலுவலர் வந்தார்கள். பெண் அதிகாரி, என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், ஈரோட்டுப் பக்கம். வந்த மூன்றாம் நாள் காலையில் சமையல் கட்டுக்குள் எட்டிப் பார்த்தார்கள். ஓட்டுநர் ஒருவர்தான் தட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"மத்தவங்கெல்லாம் சாப்புடலீங்களா?"

"எனக்கு சஷ்டிங்க மேடம்."

"எனக்குப் பிரதோஷமுங்க."

மேடம் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்கள். எங்களைப் பார்த்தார்கள். மறுபடியும் காலண்டரைப் பார்த்தார்கள். நேராகப் போய்ப் பழைய ரிப்போர்ட் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்கள்.

"அண்ணா, மலைக்குப் போற வண்டி போயி நிக்கற நேரம் இருக்குது. தண்ணி அடிக்க ஆரம்பிச்ச நேரமும் இருக்குது. நடுவுல கால் மணி நேரம் எங்கீங்க போவுது?"

"தீய முதல்ல கணக்குப் பாக்கோணுமில்லீங்க மேடம்" என்றேன்.

"கீழ இருக்கற ஊருக்குப் போனா கணக்குப் பாக்கறதில்லீங்களா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு நோட்டைப் படித்தால் மலை தெரியுமா என்று உள்ளுக்குள் பொருமினேன். வெளியே, "மலைத்தீ வேற மாதிரிங்க மேடம்" என்று மட்டும் சொன்னேன். "அப்படீங்களா? சரி, நாளைக்கு ஒரு தடவ மேல போயிட்டு வந்துரலாம்" என்றார்கள்.

தீயும் இல்லை, அழைப்பும் இல்லை. சும்மா ஒரு பயிற்சி ஓட்டம். எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வழக்கம்போல ஏறினோம். மேடமும் முழுக் கோட்டோடு ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். முப்பத்தெட்டாவது வளைவில், கொஞ்சம் அகலமான இடம், வண்டி திடீரென்று நின்றது. மேடம் கதவைத் திறந்து குதித்தார்கள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, வாந்தி எடுத்தார்கள். ஒளிவும் இல்லை, மறைவும் இல்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு எங்கள் பக்கக் கதவைத் திறந்தார்கள்.

"எனக்கு வந்துருச்சுங்க. வேற யாருக்கெல்லாம் வருது? எறங்குங்க. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல."

 என் பக்கத்திலிருந்த ஆறடி மீசை என்னைத் தாண்டிக்கொண்டு வெளியே பாய்ந்தது. அவருக்குப் பின்னால் பிரதோஷம். அவருக்குப் பின்னால் குலதெய்வம். மூன்று பேரும் சுவரோரம் வரிசையாகக் குனிந்து நின்றார்கள். சுவர் மேல் உட்கார்ந்திருந்த குரங்குகள் எழுந்து போய்த் தள்ளி உட்கார்ந்துகொண்டன. அந்த நேரம் பார்த்துக் கீழே இறங்குகிற பஸ் ஒன்று வந்து மெதுவாகப் போனது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "ஏனுங்க, தீ எங்கீங்க?" என்று கத்தினார். மீசைக்காரர் நிமிர்ந்து வாயைத் துடைத்துக்கொண்டு, "வவுத்துலீங்க!" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. குனிந்திருந்தவர்களும் சிரித்தார்கள்.

நான் இறங்கவில்லை.

"நீங்க, அண்ணா?" என்று மேடம் கேட்டார்கள். "எனக்கென்னங்க, நான் மலைக்காரனாச்சே" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று வாயை மூடிக்கொண்டேன். இன்னொரு வார்த்தை பேசியிருந்தால் வார்த்தையோடு மற்றதும் வந்திருக்கும். வீம்பு மட்டும் காரணம் இல்லை. நானும் சுவரோரம் போய்க் குனிந்தால், பைல் நாட்டில் கால் வழுக்கவில்லை என்று ஆகிவிடும். அந்த மனிதனின் எலும்பை உடைத்தது என் பட்டினி என்று ஆகிவிடும். அதை எந்த முகத்தோடு சொல்வது?

மறுநாளிலிருந்து நிலையத்தில் எல்லாம் மாறியது. மலை வண்டி டூட்டி என்றால் மூன்று இட்லி கட்டாயம், அதற்கு மேலும் கூடாது. கோட்டும் ஹெல்மெட்டும் காலடியில் இருக்கும், மாட்டிக்கொள்வது முப்பத்தெட்டாவது வளைவில். அங்கே மூன்று நிமிடம் வண்டி நிற்கும். எல்லோரும் இறங்கி மூச்சு விட வேண்டும், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் குடிக்க வேண்டும். தீயிடம் போன பிறகு, மேடம் விசில் ஊதினால் பிராஞ்சைக் கை மாற்ற வேண்டும். ராஜா வேலையெல்லாம் கிடையாது.

நான் குதித்தேன். "ஏனுங்க மேடம், அங்க ஊடு எரியறப்ப இங்க ரோட்டோரம் நின்னு சர்க்கரைத் தண்ணி குடிச்சா சனம் காறித் துப்பாதுங்களா?"

"அங்க போயி மரத்துக்குப் பின்னால கால் மணி நேரம் நிக்கறீங்களே, அப்பத் துப்பலீங்களா?"

ஓட்டுநர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.  ஆனால் என் பிடிவாதம் போகுமா? அதற்குப் பிறகு வந்த மலை அழைப்பிலெல்லாம் மற்றவர்கள் வளைவில் இறங்கிச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, நான் மட்டும் உள்ளேயே கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். மூன்று இட்லியைத் தட்டில் வாங்கி நைசாகக் காக்காய்க்குப் போட்டேன். மற்ற மூவரும் தீயிடம் போய்க் குதித்து இறங்கி ஹோஸை உருட்டிக்கொண்டு ஓடுவார்கள். நான் ஒருவன்தான் இன்னும் தீயைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தக் காலை வந்தது. மணி பத்து இருக்கும். நிலையத்து போன் அடிக்கும் முன்னே என் செல் அடித்தது. அக்கா.

"கண்ணு, கீழ இருக்கற கரட்டுக் காடு பத்திக்கிச்சு சாமி. காத்து மேல அடிக்குது. மொளகுக் கொடிக்குக் கீழ வந்துருச்சு. உங்க மாமன் தழைய ஒடிச்சு அடிச்சுக்கிட்டே இருக்கறாரு. அடுத்து நம்ம ஊடுதான்."

"வாரேன்கா. இதோ வாரேன்."

அக்காவுக்குப் பிள்ளை குட்டி இல்லை. அந்த ஊடும், பின்னால் சரிவில் சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடிகளும், தொழுவத்தில் ரெண்டு மாடும்தான் அவர்களுடைய உலகம். அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டு வளர்த்தவள். நான் இந்த வேலைக்கு ஓட்டப் பந்தயம் ஓடியபோது ஷூ வாங்கக் கழுத்துச் சங்கிலியைக் கழற்றியவள். வண்டி காரவள்ளியைத் தாண்டியது. அன்றைக்கும் காக்காய்தான் இட்லி தின்றிருந்தது. வளைவுகள் ஏற ஏறப் பயமும் குமட்டலும் சேர்ந்து என்னைப் பிழிந்தன. மேலே பெரக்கரைப் பக்கம் புகை எழும்பி நிற்பது ஜன்னலில் தெரிந்தது.

முப்பத்தெட்டாவது வளைவில் வண்டி நின்றது.

நான் தடுப்பில் ஓங்கிக் குத்தினேன். "எதுக்கு நிறுத்தறீங்க! எடுங்க வண்டிய! எங்கக்கா ஊடு!"

மேடம் வந்து கதவைத் திறந்தார்கள். "எறங்குங்கண்ணா."

"எங்கக்கா ஊடுங்க அங்க எரியப் போறது! உங்க அக்கா ஊடா இருந்தா நிப்பீங்களா?"

"எங்கக்கா ஊடா இருந்தா நடுங்கற கைய அனுப்ப மாட்டேனுங்க" என்றார்கள். குரலை உயர்த்தவே இல்லை. "நீங்க எறங்குனா பிராஞ்ச் உங்க கையில. எறங்கலைன்னா வண்டிக்குப் பக்கத்துல நின்னு பம்ப்பப் பாத்துக்குங்க. சீக்கிரம் சொல்லுங்க, நேரம் ஓடுது."

என் கையைப் பார்த்தேன். தடுப்பில் குத்திய கை, நடுங்கிக்கொண்டிருந்தது. இதே கைதான் பைல் நாட்டில் விட்டது. அக்கா ஊட்டின் முன்னாலும் விட்டால்?

இறங்கினேன். சுவர் வரைக்கும்கூடப் போக முடியவில்லை. ரோட்டிலேயே, பலகைக்கு அடியில், எல்லோர் முன்னாலும், இருபது வருடத்து மானமும் மஞ்சள் தண்ணீரோடு சேர்ந்து வெளியே வந்தது. யாரோ என் நெற்றியைத் தாங்கிப் பிடித்தார்கள். பெரிய, சொரசொரப்பான கை. திரும்பாமலே தெரிந்தது, மீசைக்காரர். "எடுங்க, எடுங்க, பூராத்தையும் எடுத்துருங்க" என்று முதுகைத் தடவினார். பிரதோஷக்காரர் ரெண்டு வாழைப்பழத்தை உரித்து நீட்டினார். சர்க்கரைத் தண்ணீரை மடமடவென்று குடித்தேன். மலைக்காற்று முகத்தில் அடித்தது. தலை தெளிந்தது. கோட்டை மாட்டினேன். மூன்று நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்து வண்டி கிளம்பிவிட்டது. மூன்று நிமிடம்தானா அது? நான் இருபது வருடமாக அதற்குப் பயந்துகொண்டிருந்தேன்!

ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது தீ மிளகுத் தோட்டத்தின் கீழ்வரிசையை நக்கிக்கொண்டிருந்தது. ஊர்ச் சனம் மொத்தமும் பச்சைத் தழையால் அடித்துக்கொண்டிருந்தது. நான் எந்த மரத்துக்குப் பின்னாலும் போகவில்லை. குதித்தேன், ஹோஸை இழுத்துக்கொண்டு சரிவில் ஓடினேன். "தண்ணி!" என்று கத்தினேன். பிராஞ்ச் சீறியது. என் கைக்குள் அது இப்படி அடங்கி நின்று எத்தனை வருடம் ஆயிற்று! தீயின் முகத்தில் அடித்தேன். திரும்பினால் அங்கே அடித்தேன். சந்தோஷத்தில் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள், எனக்கு நினைவில்லை.

மேடம் விசில் ஊதினார்கள். அக்கா ஊட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு பிராஞ்சை விடுவதா? ஒரு நொடி யோசித்தேன். பிறகு மீசைக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்தேன். விசில் ஊத ஊத அவர், நான், பிரதோஷம், குலதெய்வம் என்று பிராஞ்ச் கை மாறிக்கொண்டே இருந்தது. வண்டித் தண்ணீர் தீர்ந்ததும் மாமன் கிணற்று மோட்டாரைப் போட்டுவிட்டார். பொழுது சாயும் முன் கடைசிப் புகையும் அடங்கியது. வேலியும் ரெண்டு கொய்யா மரமும் போயின. மிளகுக் கொடியில் ஒரு வரிசை வாடியது. ஊடும் மாடும் முழுசாக நின்றன. எங்களில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அக்கா அழவில்லை. நேராக என்னிடம் வந்து முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னைக்கு மூஞ்சி தெளிவா இருக்குது சாமி. எப்பவும் இந்த வண்டியில வந்தா வெளுத்துப்போயி மரத்துக்குப் பின்னால ஓடுவியே?"

"உனக்கு எப்படீக்கா தெரியும்?"

"ஊருக்கே தெரியும். நீ வெக்கப்படுவீன்னுதான் யாரும் கேக்கல."

மேடம் திரும்பிக்கொண்டு சிரித்தார்கள். எனக்குக் கோபம் வர வேண்டும், வரவில்லை. மாமன் ஒரு பலாப்பழத்தை வெட்டிக் கொண்டுவந்து வைத்தார். கரி பிடித்த கையோடு எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். அது பலாச் சுளையா தேனா என்று தெரியாமல் தின்றேன். "போதுமுங்கண்ணா, கீழ எறங்கோணும்" என்று மேடம் இரண்டு தடவை சொன்னார்கள். யார் கேட்டது!

இறங்கும்போது ஐம்பதாவது வளைவு வரைக்கும் பாட்டும் கும்மாளமுமாக வந்தோம். பிறகு பலா தன் வேலையைக் காட்டியது. தடுப்பில் தட்டினேன். வாழ்க்கையில் முதல் முறையாக அதைச் சொன்னேன்.

"மேடம், வண்டிய நிறுத்தச் சொல்லுங்க. எனக்கு வாந்தி வருது."

வண்டிக்குள் கைதட்டினார்கள், கிறுக்கர்கள். முப்பத்தெட்டு வரைக்கும் எப்படியோ பிடித்துக்கொண்டேன். வேலை முடிந்து வாயைக் கொப்பளித்துவிட்டுச் சுவர்மேல் உட்கார்ந்தேன். மீசைக்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அடிபட்ட காலை நீட்டிக்கொண்டார். கீழே சமவெளியில் ஊர்கள் மங்கலாகத் தெரிந்தன. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

"அன்னைக்கு பைல் நாட்டுல எனக்குக் காலு வழுக்கலீங்க" என்றேன். "காலையில இருந்து ஒண்ணும் திங்கல. வாந்தி எடுத்துட்டு வந்து நின்னேன். கண்ணு இருட்டிருச்சு. நாந்தான் உட்டுட்டேன். உங்க காலு என்னாலதான் போச்சு."

அவர் மீசையை நீவிக்கொண்டார்.

"பிராஞ்ச் உங்க கைய உட்டுத் துள்ளுனத நான் பாத்தேனுங்க" என்றார். "ஒதுங்கியிருக்கலாம். நானும் அப்பத்தான் மரத்துக்குப் பின்னால போயிட்டு வந்திருந்தேன். காலு நகரல. இத உங்ககிட்டச் சொன்னா எம் மானம் போயிருமேன்னு ஒன்றரை மாசம் உங்க ஆரஞ்சுப் பழத்தத் தின்னுட்டுப் படுத்துக் கெடந்தேன்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு விட்டேன் பாருங்கள் ஒரு சிரிப்பு, குரங்குகள் மறுபடியும் எழுந்து தள்ளிப் போய்விட்டன.

"மூணு நிமிசம் ஆச்சுங்கண்ணா, ஏறலாமுங்களா?" என்று மேடம் வண்டிப் பக்கமிருந்து குரல் கொடுத்தார்கள்.

"இன்னும் ரெண்டே நிமிசமுங்க மேடம்" என்றேன்.